மறு: ஜெனரேட்டிவ் ஆர்ட் – ‘விளைகலை’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஜெனரேட்டிவ் ஆர்ட், அதாவது விதிகளை மட்டும் கொடுத்துவிட்டுப் படத்தைத் தானாக உருவாக விடும் கலை. அதற்குத் தமிழ்ச் சொல்லாகப் போன மடலில் வந்த ‘பிறப்பாக்கக் கலை’யை இங்கே மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் என் சனிக்கிழமை வகுப்பில் எழுதிப் போட்டேன். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள். ‘பிறந்தநாள்’ மட்டும் நன்றாகத் தெரியும். “சார், பர்த்டே கார்டு வரையப் போகிறோமா?” என்று ஒருவன் கேட்டான். சொல் அங்கேயே படுத்துவிட்டது.

‘ஜெனரேட்டிவ்’ என்பதற்கு ‘ஆக்கமுறு’ என்ற அடையைச் செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். நாம் பேசுவது அதற்கு வெகு முந்தைய சங்கதி. ஜெர்மானியரான கேயோர்க் நேஸ் 1965இலேயே ஸ்டுட்கார்ட்டில் கணினிப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அவருடைய ‘ஷோட்டர்’ (ஜெர்மனில் சரளைக்கல்) படத்துக்குத்தான் வகுப்பில் நிரல் எழுதினோம். வரிசைக்கு 12 சதுரம், மொத்தம் 22 வரிசை. மேலே பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி நேராக நிற்கும். கீழே வர வர ஒவ்வொன்றும் சாய்ந்து, விலகி, கடைசியில் கொட்டிவைத்த சரளைக்கல். இன்னொரு முறை ஓட்டினால் சரிவு வேறு மாதிரி விழும்.

என் பரிந்துரை: விளைகலை. விளைநிலம் போல வினைத்தொகை. விளைந்தது, விளைவது, இனி விளையப்போவது மூன்றும் அதில் அடக்கம். சாய்வையும் விலகலையும் தீர்மானிக்கும் ரேண்டம் (தற்செயல்) எண்களைத் தொடங்கிவைக்கும் எண்ணை நிரலாளர்கள் ‘விதை’ என்றே சொல்கிறார்கள். அதே விதைக்கு அதே படம், விதை மாறினால் படமும் மாறும். (கரும்புத் தீவில் இருந்துகொண்டு விதையா என்று கேட்காதீர்கள். கரும்புக்கு விதை போடாமல் கரணை (தண்டுத் துண்டு) நடுவது எனக்கும் தெரியும்.)

அறிவியலும் இதற்குள் வந்துவிடும். வெவ்வேறு வேகத்தில் பரவும் இரண்டு வேதிப்பொருள்களால் புள்ளியும் வரியும் தானாக உருவாகலாம் என்று 1952இல் கணிதவியலாளர் ட்யூரிங் கணக்குப் போட்டுக் காட்டினார். செடி வளர்வதை 1968இல் உயிரியலாளர் லிண்டன்மேயர், ஓர் எழுத்துக்குப் பதில் வேறு எழுத்துகளை வைத்துக்கொண்டே போகும் எழுத்துமாற்று விதிகளாக்கினார். இவற்றை வைத்துப் படம் செய்கிறவர் விதியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார், உழவர் மாதிரி.

அப்போது கோலம்? சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி குழுவினர் 1974இலேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம், அதாவது வடிவத்தை உருவாக்கும் விதிகள், எழுதினார்கள். அந்த இலக்கணத்தை இயந்திரம் ஓட்டினால் விளைகலை. வாசலில் அம்மா போடுவது கோலம்தான், அதற்குப் புதுப்பெயர் வேண்டாம்.

ஒரே ஒரு பயம். எங்கள் பிள்ளைகள் வாயில் ள, ல இரண்டும் ஒன்று. ‘விலைகலை’ ஆகிவிட்டால், ஏலம் விடுகிறவர்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். மாற்று இருந்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். பலகையை இன்னும் அழிக்கவில்லை.