யாழ்ப்பாணத்துக்கு எண்ணெய் ரயில் வேண்டுமா?

சுண்டுக்குளியான்: ஏ-9 வீதியில் பவுசர்களைக் குறைத்து, எரிபொருளை ரயிலிலேயே காங்கேசன்துறை வரை கொண்டுவர வேண்டும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்து எரிச்சல் வந்தது. 2013 யூலை 6ஆம் திகதி, கனடாவின் லக்-மெகாந்திக் ஊருக்குள் 72 தாங்கிகளுடன் மசகு எண்ணெய் ரயில் ஆளில்லாமல் உருண்டுவந்து 47 பேரைக் கொன்றதை அவர் அறியாரா? சாரதி கைப்பிறேக் போடாமலே நித்திரைக்குப் போய்விட்டார்.

பழைய கார்ட்: எழுதியவன் நான்தான். தம்பி, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் தனித்தனிக் கைப்பிறேக் உண்டு; சாரதி ஏழு கைப்பிறேக் போட்டார். பின்னர் எஞ்சினில் தீப்பிடிக்க, தீயணைப்புப் படையினர் எஞ்சினை நிறுத்தினார்கள். எஞ்சின் நின்றதால் காற்றுப் பிறேக்கின் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிப்போக, அந்த ஏழாலும் சரிவில் பாரத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. ரயிலில் கார்ட்டாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் சொல்கிறேன்: கைப்பிறேக் சக்கரத்தைச் சங்கிலி இறுகும்வரை சுற்றினால் உள்ளங்கையெல்லாம் துரு ஒட்டும். அந்த வேலையைச் செய்தவனைச் செய்யவில்லை என்று எழுதாதீர்.

சுண்டுக்குளியான்: குறைந்தது 17 தேவைப்பட்ட இடத்தில் ஏழு போடுவதும் போடாமல் விடுவதும் ஒன்றுதான், ஐயா.

பழைய கார்ட்: ஒன்றல்ல. போடவில்லை என்றீர், ஏழு போட்டார்.

கோண்டாவில் வாசகி: அமெரிக்காவில் 2008இல் ஏறத்தாழ 9,500 பெட்டிகளில் போன மசகு எண்ணெய் 2013இல் நான்கு இலட்சம் பெட்டிகளைத் தாண்டியது. அந்த விபத்துக்குப் பிறகுதான், 2015இல், தடித்த தகடுள்ள புதிய தாங்கிகளுக்கு விதி வந்தது. நமக்கு எந்தத் தாங்கி வரும் என்பதல்லவா கேள்வி?

பழைய கார்ட்: தகட்டைப் பிறகு பார்ப்போம், பிள்ளை. அவர் முதலில் ஏழு போட்டதை ஒத்துக்கொள்ளட்டும்.

ஸ்காபரோவிலிருந்து: 2023 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற ஊரில் 38 பெட்டிகள் தடம்புரண்டது சக்கர அச்சின் பெயாரிங் சூடேறியதால். அங்கே கைப்பிறேக்குக்கு வேலையே இல்லை. நீங்கள் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள்.

பழைய கார்ட்: 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பியபோது மேடையில் நின்று அழுதவன் நான். நீர் அன்று எங்கே நின்றீர்?

ஸ்காபரோவிலிருந்து: ஊரைவிட்டு ஏன் போனோம் என்பது உங்களுக்கும் தெரியும். அதை இங்கே இழுக்க வேண்டாம்.

சுண்டுக்குளியான்: லக்-மெகாந்திக்கில் சரிவு இருந்தது, நமக்குக் காவலாளி இல்லாத கடவைகள் இருக்கின்றன. பெற்றோல் ரயிலுக்குக் குறுக்கே ஒரு பஸ் வந்தால் என்ன செய்வீர்கள்?

பழைய கார்ட்: அதே பஸ்ஸுக்கு எதிரே இன்று பவுசர் வருகிறதே! கடவையைப் பற்றி வேறாக எழுதும், பதில் தருகிறேன். இங்கே நீர் எழுதியது கைப்பிறேக்கைப் பற்றி. ஏழு போட்டாரா, இல்லையா?