பரண்ல கெடச்ச பங்கு நோட்டு, என்ன பண்றது?

குடவாசல்_பேரன்
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு குடவாசல் பக்கம். ஒரு காலத்துல மிராசு குடும்பம்னு, அதாவது பரம்பரையா நெல உரிமை உள்ளவங்கன்னு சொல்லிப்பாங்க, கடைசியா மிச்சம் இருந்த ஆறு மா நெலத்தையும் போன மாசம் பெரியப்பா வித்துட்டாரு. வீட்ட காலி பண்றப்ப பரண்ல ஒரு தகரப்பெட்டி, உள்ள நீள நீளமா ஏழு கணக்கு நோட்டு, மேல "சமுதாயம் வரவு செலவு"ன்னு மசியில எழுதிருக்கு. கொளத்து மீன் குத்தகை, படுகைத் தேங்கா ஏலம், வாய்க்கா வெட்டுன கூலி, உற்சவத்துக்கு எண்ணெய், இப்படியே போவுது. கடைசிப் பக்கத்துல ஊர்ல உள்ள பங்கு மொத்தமும், ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா அரை, அரைக்கால் (எட்டுல ஒண்ணு), மாகாணின்னு (பதினாறுல ஒண்ணு) பழைய குறி. ஊரே சேந்து நெலத்த வச்சிருந்துச்சா என்ன? அது எப்ப இல்லாம போச்சு? பெரியப்பா பழைய பேப்பர் கடைக்கு போடுங்கறாரு, எனக்கு மனசு வரல.

பழைய_பத்திரம்
தம்பி கடைக்கு மட்டும் போட்டுடாதீங்க. நீங்க சொல்றது கரையீடு, அதாவது ஊர் நெலத்த பங்கு போட்டு வச்சுக்கற முறையோட மிச்சம். முன்னாடி ஊர் நெலம் ஒரே ஆள் கையில இருந்தா ஏகபோகம், ஆளுக்கு இவ்ளோன்னு நிரந்தரமா பிரிச்சுட்டா அறுதிக்கரை, பிரிக்காம பொதுவுல வச்சு சில வருசத்துக்கு ஒருதரம் மாத்தி மாத்தி பயிர் வச்சா பசுங்கரை. நல்ல வயலும் களர் வயலும் ஒருத்தர்கிட்டயே தங்கிடாம சுத்தி வரும்ல, அதுதான் அதுல சூட்சுமம். பங்காளின்னு இன்னிக்கு சண்டைக்கு மட்டும் சொல்றோமே, அந்த வார்த்தையிலயே பங்கு இருக்கு பாருங்க. வெள்ளக்காரன் ஆளாளுக்கு பட்டா, ஆளாளுக்கு கிஸ்தின்னு (நெலவரி) கொண்டாந்தப்பறம் மாத்தி வைக்கறதுல அர்த்தம் இல்லாம போச்சு, எவன் பேர்ல இருக்கோ அவனே வச்சுகிட்டான். வயல் பிரிஞ்சும் பல ஊர்ல கொளம், படுகை, திடல் மட்டும் பொதுவாவே நின்னுச்சு, அந்த கணக்குதான் உங்க நோட்டு. எங்க ஊர்லயும் இருந்துச்சு, எண்பதுகள்ல யூடிஆர்னு நெலப் பதிவேட்ட புதுப்பிக்கற வேலை வந்தப்ப எல்லாம் புறம்போக்குன்னு ஏறிடுச்சு. கேக்க ஆளில்ல, பாதிப் பேரு மெட்ராஸ், பாதிப் பேரு பம்பாய்.

அப்பறம் மிராசு கரைஞ்சதுக்கு சட்டமும் உண்டு. 1952ல பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம், அதுவும் தஞ்சை ஜில்லாவுக்குன்னே. 1956ல குத்தகைக்கு நியாய வாரம், 1961ல ஒரு குடும்பம் வச்சுக்கற நெலத்துக்கு உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர், 1970ல அதையே 15ன்னு கொறச்சாங்க. பெரிய பண்ணைங்க பினாமி, டிரஸ்டுன்னு போட்டு தப்பிச்சுகிட்டாங்க, நம்மள மாதிரி ஒரு வேலி ரெண்டு வேலி நெலம் வச்சிருந்தவன் சட்டத்தால போனத விட படிப்புச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் வித்ததுதான் ஜாஸ்தி. நல்ல ஒத்துமையான ஏற்பாடு, அழிஞ்சு போச்சு.

கடைமடைக்காரன்
பத்திரம் சார் விவரமா எழுதிருக்கீங்க, ஆனா "ஒத்துமை"ங்கற எடத்துல நான் நின்னுட்டேன். எங்க தாத்தா பண்ணையாள், அப்பாவும் சின்ன வயசுல மாடு மேச்சு நெல்லு வாங்குனவரு. ஊர்ல எத்தன பங்கு இருந்தாலும் நடவு நட்டவங்க பேருக்கு ஒரு மாகாணி கூட கெடையாது. கூலி கூட அரைப்படி கேட்ட தகராறுதான் 1968 டிசம்பர் 25ல கீழவெண்மணியில 44 உயிர்ல போய் முடிஞ்சுது. நீங்க வரிசையா சொன்ன சட்டமெல்லாம் உங்களுக்கு நெலம் போன கதை, எங்களுக்கு அது நிமிந்து நின்ன கதை. நோட்டு வேணாம்னு சொல்லல குடவாசல் தம்பி, கண்டிப்பா வைங்க. அதுல எங்க ஆளுங்கள எப்படி எழுதிருக்காங்கன்னு மட்டும் பாத்து சொல்லுங்க.

பழைய_பத்திரம்
நீங்க சொல்றது சரிதான் சார், பங்குக்குள்ள இருந்தவன் கண்ணால மட்டும் பாத்து எழுதிட்டேன்.

காகிதப்_பூச்சி
நான் நெலத்துக்கு வரல, காகிதத்துக்கு மட்டும். பழைய ஏடு, நோட்டு பாக்கற வேலை எனக்கு. தயவுசெஞ்சு லேமினேட் பண்ணிடாதீங்க, கிழிஞ்ச எடத்துல செல்லோடேப்பும் ஒட்டாதீங்க, பத்து வருசத்துல அந்த பசையே எழுத்த தின்னுடும். வெயில்ல காய வைக்காம நெழல்ல விசிறி காத்துல விரிச்சு வைங்க, மெல்லிசு பிரஷ்ஷால தூசி தட்டுங்க, ஒட்டிகிட்ட பக்கத்த இழுத்து பிரிக்கவே வேணாம். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்துல நேரா மேலேந்து போன்ல ஒவ்வொரு பக்கமா எடுங்க, வெத்துப் பக்கத்தையும் விடாம, வரிசை மாறாம. எங்க எந்தப் பெட்டியில கெடச்சுதுன்னு ஒரு தாள்ல எழுதி கூடவே வச்சுடுங்க, அது இல்லாட்டி நாளைக்கு அது எந்த ஊர் கணக்குன்னே தெரியாது. அப்பறமா தரமணி ரோஜா முத்தையா நூலகத்துலயோ தஞ்சாவூர் சரசுவதி மகால்லயோ விசாரிச்சுப் பாருங்க. தகரப்பெட்டி வேணாம், உள்ள வேர்த்து துரு ஏறும்.

குடவாசல்_பேரன்
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து ராத்திரி உக்காந்து ரெண்டு நோட்டு பொரட்டிட்டேன். கடைமடை அண்ணே, பாத்தேன். பங்குக்காரங்க பேரு இனிஷியலோட, சிலருக்கு பட்டப்பேரோட கூட இருக்கு. வாய்க்கா வெட்டுன எடத்துல "தெற்குத் தெரு ஆள் 11, பெண் ஆள் 6, நெல்லு"ன்னு மட்டும்தான். பேரே இல்ல. ஒரே ஒரு பக்கத்துல ஓரமா பென்சில்ல வேற கையெழுத்து, "மதகு பலகை இறக்கத் தெரிஞ்சவன், அரை மரக்கால் கூட"ன்னு இருக்கு. அங்கயும் பேரு போடல.

கடைமடைக்காரன்
அந்தப் பக்கத்த மட்டும் கொஞ்சம் தெளிவா எடுத்து அனுப்புங்க தம்பி, வருசம் தெரியற மாதிரி. அப்பாவுக்கு இப்ப 84, உங்க ஊர் மதகு அவருக்கு நல்லா தெரியும். பலகை எறக்குனது யாருன்னு கேட்டுப் பாக்கறேன்.