புதிய டிவிடி ரைட்டர்: படிக்கிறது, எழுத மறுக்கிறது

கேள்வி
டெஸ்க்டாப்பில் புதிதாக சாட்டா (டிரைவை மதர்போர்டில் இணைக்கும் முறை) டிவிடி ரைட்டர் மாட்டியிருக்கிறேன். விண்டோஸ் 10. பயாஸிலும் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) விண்டோஸிலும் தெரிகிறது, பழைய டிவிடிகள் ஓடுகின்றன, சிடி-ஆர் எழுதினாலும் முழுதாக முடிகிறது. டிவிடி-ஆர் போட்டால் மட்டும் ஆரம்பத்திலேயே நின்று "பவர் கேலிபரேஷன் ஏரியா எரர்" என்கிறது. டிஸ்க் 16எக்ஸ் வேகம் வரை எழுதக்கூடியது, நான் வைத்த வேகம் மேக்ஸ். சாட்டா கேபிளை மாற்றியும் அதே கதைதான். பவருக்கு, பழைய வகை மோலெக்ஸ் முனையைச் சாட்டா முனையாக்கும் கன்வர்ட்டர். தனியாக டிரைவர் ஏதும் போட வேண்டுமா?

பதில் 1
டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது, தேட வேண்டாம். ஒழுங்காகப் படிக்கிறது என்பதால் டேட்டா கேபிளையும் போர்ட்டையும் விட்டுவிடலாம்.

எழுதும் முன் டிரைவ், டிஸ்கின் உள்விளிம்பில் இதற்கென ஒதுக்கிய இடத்தில் லேசரைப் பல பவரில் சுட்டு, எது சரியாகப் பதிகிறது என்று பார்க்கும். அதில் தோற்றால் வருவது இந்த எரர். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஆகவே சிடி எழுதுவதை வைத்து டிவிடி லேசர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஆனாலும் என் முதல் சந்தேகம் டிஸ்க் மேல்தான். இம்க்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளில் ரைட் மோடுக்குப் போனால் வலப்பக்கம் எம்ஐடி என்ற தயாரிப்பாளர் குறியீடு தெரியும். டப்பா மேல் உள்ள பிராண்டை நம்பாதீர்கள், உள்ளே யார் செய்த டிஸ்க் என்பதை இதுதான் சொல்லும். எந்த எம்ஐடிக்கு எவ்வளவு பவர் என்பது டிரைவின் ஃபர்ம்வேரில் (டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) இருக்கிறது. பட்டியலில் இல்லாத டிஸ்க் என்றால் பொதுவான அளவை வைத்து ஒப்பேற்றும். ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போடுங்கள். பிறகு வேறு எம்ஐடி உள்ள டிவிடி+ஆர் (டிவிடி-ஆர் போலவே ஒருமுறை எழுதும் இன்னொரு வகை) ஒன்றை 8எக்ஸில் எழுதிப் பாருங்கள். மெதுவாக எழுதினால் நல்லது என்று 4எக்ஸுக்கு இறக்க வேண்டாம். 16எக்ஸ் டிஸ்கின் சாயத்துக்கு அந்த வேகம் பல நேரம் ஒத்துவராது.

பதில் 2
அந்தக் கன்வர்ட்டரையும் கழற்றுங்கள். மோட்டாருக்கு 12 வோல்ட், லேசருக்கும் சர்க்யூட்டுக்கும் 5 வோல்ட். கன்வர்ட்டரின் ஊசிமுனை லூசாக இருந்தால் படிக்கும்போது தெரியாது, எழுதும்போது மின்சார இழுவை கூடி வோல்டேஜ் இறங்கும். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் வயரில் மிச்சமிருக்கும் முனையை மாட்டுங்கள். வயரோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் முனை உள்ள கன்வர்ட்டர் உள்ளே ஷார்ட்டாகி எரியவும் கூடும். மாற்றிய பிறகும் டிவிடி எழுதாவிட்டாலும் அந்தக் கன்வர்ட்டரைத் தூக்கிப் போடுவது நல்லது.

கேட்டவர்
நேரடி பவர் கொடுத்தேன். முதலில் போட்ட டிவிடி-ஆர் வகை டிஸ்கில் 8எக்ஸிலும் அதே எரர். வேறு எம்ஐடி டிவிடி+ஆர் 8எக்ஸில் முடிந்தது, எழுதியதைச் சரிபார்க்கும் வெரிஃபையும் சரி. ஆனால் அரை மணி நேரம் ஆனது, பஃபர் (எழுதக் காத்திருக்கும் டேட்டாவின் தற்காலிக இடம்) அடிக்கடி பூஜ்யத்துக்கு இறங்கியது. ஃபைல்கள் பென் டிரைவில் இருந்தன.

பதில் 1
அப்படியானால் டிஸ்க்தான். அந்த டிவிடி-ஆர் கட்டிலுள்ள டிஸ்குகளை இந்த டிரைவில் இனி போடாதீர்கள். ரைட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

தாமதத்துக்குக் காரணம் பென் டிரைவ். 8எக்ஸ் என்றால் நொடிக்குச் சுமார் 11 எம்பி தடையின்றி வர வேண்டும். சின்னச் சின்ன ஃபைல்களாக இருந்தால் பென் டிரைவ் அவ்வளவு தராது. முதலில் ஹார்ட் டிஸ்கில் ஐஎஸ்ஓ (முழு டிஸ்கின் உள்ளடக்கமும் ஒரே ஃபைலாக) ஆக்கி, அதிலிருந்து எழுதுங்கள். ஒன்பது பத்து நிமிடத்தில் முடியும். ஐஎஸ்ஓ இருக்கும் பார்ட்டிஷனின் ஃபைல் அமைப்பு என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, முழு டிவிடி ஐஎஸ்ஓ அதில் அடங்காது.