வெளிநாட்டில் தோண்டும் கம்பெனிகளுக்குக் கடிவாளம்: கருத்துக்கணிப்பில் எப்படிக் கேட்பது?

கேள்வி (நிலத்தடி):
வெளிநாடுகளில் கனிமமும் எண்ணெயும் எடுக்கும் கம்பெனிகளை, தலைமையகம் உள்ள நாட்டின் சட்டம் கட்டுப்படுத்த வேண்டுமா என்று 1,000 பேரிடம் கேட்கப் போகிறோம். வெள்ளோட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் "ஆம்" என்கிறார்கள். நம்பலாமா?

அளவுகோல்:
நம்பாதீர்கள். கைக்காசு போகாத நல்ல காரியத்துக்கு யார்தான் "வேண்டாம்" என்பார்கள்? மாதிரியைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் "இதனால் பொருள்களின் விலை ஏறலாம்" என்ற வரியைச் சேருங்கள். வேலையிழப்பையும் அதே வரியில் திணித்தால், ஆதரவு எதனால் இறங்கியது என்று பிறகு பிரித்தறிய முடியாது. 500-க்கு 500 ஒப்பிடும்போது வித்தியாசத்தின் பிழை வரம்பு ±6 புள்ளி வரை போகும். 4 புள்ளி சரிந்ததை வைத்துத் தலைப்புச் செய்தி எழுதிவிடாதீர்கள்.

தாதுமணல்:
அதைவிடப் பெரிய ஓட்டை, எந்தக் கட்டுப்பாடு என்றே உங்கள் கேள்வி சொல்லவில்லை. ஆண்டறிக்கை கொடுப்பது ஒன்று. அபாயங்களை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்கும் திட்டம் வகுப்பது இன்னொன்று. பிரான்ஸின் 2017 சட்டம் பெரிய கம்பெனிகளிடம் இதைக் கேட்கிறது. துணை நிறுவனம் செய்த சேதத்துக்குத் தாய் நிறுவனம் சொந்த நாட்டுக் கோர்ட்டில் நஷ்டஈடு கட்டுவது முற்றிலும் வேறு, சண்டையெல்லாம் அங்கேதான்.

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். இந்தப் பொறுப்பைக் கொண்டுவரும் முன்மொழிவுக்கு 2020 நவம்பர் 29 வாக்கெடுப்பில் 50.7% ஆதரவு கிடைத்தது, ஆனாலும் தோற்றது. அரசியலமைப்பைத் திருத்த, கேன்டன்கள் எனப்படும் மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும்; அது வரவில்லை. பதிலுக்கு அமலான மாற்றுத் திட்டத்தில் அறிக்கைக் கடமை உண்டு, மோதல் பகுதிக் கனிமங்கள், குழந்தைத் தொழில் குறித்த சரிபார்ப்பும் உண்டு. புதிய நஷ்டஈட்டுப் பொறுப்பு மட்டும் கிடையாது. அறிக்கை, தடுப்புத் திட்டம், நஷ்டஈடு மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

நிலத்தடி:
1,000 பேருக்கு மேல் பட்ஜெட் இல்லை. இத்தனை பிரிவுக்கு ஆள் போதாதே?

அளவுகோல்:
அப்படியென்றால் கான்ஜாயிண்ட், அதாவது பல அம்சங்களைக் கலந்து ஒப்பிடச் சொல்லும் கேள்வி முறை. பொறுப்பின் அளவு, விலையேற்றம், மற்ற நாடுகளும் சேருமா ஆகிய மூன்றையும் கலைத்துப்போட்டு இரண்டிரண்டு சட்ட மாதிரிகளாகக் காட்டி, எது பரவாயில்லை என்று கேளுங்கள். ஆளுக்கு 5 ஜோடி என்றால் 10,000 சட்ட மாதிரிகளுக்கான பதில்கள் கையில் இருக்கும். ஒரே ஆளின் பதில்கள் ஒன்றோடொன்று சார்ந்தவை, எனவே திட்டப்பிழையை (பிழை வரம்புக்கு அடிப்படையான அளவை) ஆள்வாரியாகத் தொகுத்துக் கணக்கிட வேண்டும். இதை விட்டுவிட்டால் பிழை வரம்பு பொய்யாகச் சுருங்கிக் காட்டக்கூடும்.

தாதுமணல்:
கடைசியில் ஒரு கேள்வி கூட்டுங்கள்: "இதை எதிர்க்கும் கட்சிக்கு ஓட்டுப் போடுவீர்களா?" கனடாவில், வெளிநாட்டில் தோண்டும் தன் நாட்டுக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த வந்த சி-300 மசோதா 2010-ல் 140-க்கு 134 என்று ஆறே ஓட்டில் விழுந்தது. அந்த மாதிரி இழுபறியில் எம்.பி.க்கள் கணக்குப் போடுவது இந்தப் பதிலை வைத்துத்தான், உங்கள் "ஆம்"-களை வைத்து அல்ல.