இமை முடி வேரில் பொடுகு, விடிந்தால் அரிப்பு: டெமோடெக்ஸ் யாருக்காவது குணமாகியிருக்கிறதா?

ஆரிநூல் (திண்டுக்கல்):
வணக்கம். எனக்கு வயது 34. வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறேன். இரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் இமை ஓரம் அப்படி அரிக்கிறது. முடி வேரில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன வருடம் மட்டும் மூன்று தடவை கண்கட்டி வந்தது. அத்தை நாமக்கட்டி உரைத்துப் போட்டார். சொட்டு மருந்து விட்டால் பத்து நாள் நன்றாக இருக்கும், நிறுத்தியதும் திரும்ப வரும். இப்போது வேறொரு டாக்டர், இமை முடி வேரில் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி இருக்கிறது என்றார். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. நான் சுத்தமாக இல்லாததால் வந்ததா? பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்க வைக்கலாமா? டீ ட்ரீ ஆயில் வாங்கித் தடவலாமா?

கரிசல்காற்று:
என் அம்மாவுக்கும் இருந்தது. பேபி ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் துடைத்தோம், குறைந்தது.

தறிவீடு (சென்னிமலை):
அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். இது அழுக்கால் வருவது இல்லை. பெரியவர்களில் பெரும்பாலானோர் முகத்தில் இந்த உண்ணி இருக்கிறது, வயது கூடக் கூட எண்ணிக்கையும் கூடும். 1840களிலேயே ஜெர்மனி மருத்துவர்கள் கண்டு எழுதிய உயிர்தான் இது. அளவுக்கு மீறிப் பெருகும்போதுதான் இமை வீங்கும். பிள்ளைகளின் தோலில் எண்ணெய்ப் பசை குறைவு என்பதால் அவர்களிடம் இது அதிகம் தங்குவதில்லை. கூடப் படுக்கட்டும். துண்டும் தலையணையும் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 58 வயது. மூன்று வருடம் இதோடு திண்டாடினேன். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி என்றே நினைத்திருந்தேன். கடைசியில் பார்த்த டாக்டரம்மா, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியில் முகத்தை வைத்துக் கீழே பார்க்கச் சொன்னார். அப்படிப் பார்த்தால்தான் மேல் இமை முடியின் அடி முழுதாகத் தெரியுமாம். வேரைச் சுற்றிக் குழல் மாட்டியது போல மெழுகுப் பொடுகு இருந்தது. சாதாரணப் பொடுகு முடியில் அங்கங்கே ஒட்டியிருக்கும், இது அடியில் வளையமாக நிற்கும். இரண்டு முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் காட்டினார். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, எட்டுக் குட்டைக் கால். பார்த்ததும் எனக்கும் குமட்டியது, உண்மை. ஆனால் மூன்று வருடம் கழித்துக் காரணம் தெரிந்ததே என்று மனது லேசானது.

ஷாம்பு பற்றி மேலே எழுதியிருக்கிறார்கள். பொறுக்கு போகும், உண்ணி சாகாது. அதனால்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

டீ ட்ரீ ஆயிலைக் கடையில் வாங்கி அப்படியே தடவவே தடவாதீர்கள். நான் செய்தேன். இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை, கருவிழியில் கீறல் மாதிரி புண். அந்த எண்ணெயில் உண்ணியைக் கொல்லும் சரக்கு டெர்பினென்-4-ஆல். அதை இமைக்குத் தாங்கும் அளவில் சேர்த்த துடைப்பான் இருக்கிறது, டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, அப்புறம் முடி வேரோடு பக்கவாட்டில் துடைக்க வேண்டும். காலை ஒன்று, இரவு ஒன்று. முதல் வாரம் எரிச்சல் எனக்குக் கூடியது, அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

எத்தனை நாள் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறோம். ஒரு உண்ணியின் ஆயுள் இரண்டு மூன்று வாரம். இன்று இருப்பது செத்தாலும் முட்டை பொரித்து அடுத்தது வரும். ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் அடுத்த தலைமுறையும் ஒழியும். நான் மூன்றாவது வாரம் அரிப்பு நின்றதும் விட்டேன், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அமெரிக்காவில் இதற்கென்றே 2023 ஜூலையில் அனுமதித்த லோட்டிலானர் சொட்டு மருந்துக்கும் தினம் இரண்டு வேளை, ஆறு வாரம் என்பதுதான் கணக்கு. எனக்கு உண்ணியைக் கொல்லும் ஐவர்மெக்டின் களிம்பும் கொடுத்தார்கள். அது டாக்டர் சொல்லாமல் கூடாது.

இன்னொன்று. பத்து நாள் குணம் தரும் அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேளுங்கள். நான் அப்படி ஒன்றைப் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி, மாதக்கணக்கில் கண்ணில் ஊற்றினேன். அதனால் 21க்குள் இருக்க வேண்டிய கண் அழுத்தம் 27 ஆகிவிட்டது. நல்லவேளை, நிறுத்தியதும் இறங்கியது.

ஆரிநூல்:
ஐயா, படிக்கும்போது அழுகை வந்துவிட்டது. என் சொட்டு மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், அதிலும் ஸ்டீராய்டு இருக்கிறது. நாளை டாக்டரிடம் காட்டுகிறேன். கண்ணுக்கு மை வைக்கலாமா? ஆரி வேலையை நிறுத்த வேண்டுமா?

தறிவீடு:
சீட்டோடு கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய மை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், குணமாகும் வரை மை வேண்டாம். வேலையை நிறுத்த வேண்டாம் அம்மா, ஊசி பிடித்த கையால் கண்ணைக் கசக்காமல் இருந்தால் போதும். தலையணை உறையை வாரம் ஒரு தடவை கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து வெயிலில் காய வையுங்கள். காலண்டரில் ஆறு வாரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் இங்கே வந்து எழுதுங்கள், அப்போதுதான் விடத் தோன்றும்.