கலைச்சொல் முன்மொழிவு: இணையத்தீங்குக் காப்பீடு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இணையத்தோடு இணைந்த கேமரா, கதவுப் பூட்டு, வெப்பநிலைச் சீராக்கி, குரலுக்கு மறுமொழி சொல்லும் ஒலிபெருக்கி போன்றவற்றை வீட்டில் வைத்திருப்போருக்கென, இணையம் வழியே எவரேனும் புகுந்து கெடுத்தால் ஈடு தருவதற்காக விற்கப்படும் காப்பீட்டைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்வி சென்ற வாரம் எழுந்தது. சைபர் காப்பீடு, இணையக் காப்பீடு, மின்வெளிக் காப்பீடு என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. அத்தகைய காப்பீட்டின் விளக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும் வேலை இப்போது என் கையில் இருப்பதால், மூன்றையும் வாக்கியங்களில் இட்டுப் பார்த்தேன். மூன்றும் நிறைவு தரவில்லை.

'சைபர்' என்ற சொல் தமிழுக்குப் புதியதன்று. சுழியத்தைச் சைபர் என்றே சொல்லி வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 'சைபர் மதிப்பெண்' என்றால் அவர்களுக்கு உடனே புரியும். 'சைபர் காப்பீடு' என்று படித்தால் எதற்கும் ஈடு தராத காப்பீடு என்ற பொருளே முதலில் தோன்றும். மூலச் சொல்லைத் தேடிப் போவதும் உதவாது. 1948-இல் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 'சைபர்னெட்டிக்ஸ்' என்று தம் துறைக்குப் பெயரிட எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல்லுக்கு மீகாமன், அதாவது கப்பலைச் செலுத்துபவன், என்று பொருள். அந்தப் பொருள் இன்றைய வழக்கில் எஞ்சியிருக்கவில்லை என்பதால், மீகாமனை மீட்டெடுத்துச் சொல் ஆக்குவது படிப்பவருக்கு எதையும் விளக்காது.

இணையக் காப்பீடு என்பதை முதலில் நானும் ஏற்றிருந்தேன். அச்சிட்ட வரைவை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தபோது, இரண்டு பத்திகளைப் படித்துவிட்டு, "இதை இணையத்தில்தான் வாங்க வேண்டுமா, நேரில் போய் எடுக்க முடியாதா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. இணைய வங்கி, இணையக் கல்வி, இணைய வணிகம் என்றெல்லாம் நாம் எழுதும்போது இணையம் என்பது வழியைத்தான் குறிக்கிறது. அந்தப் பழக்கத்தில் வருபவர் இதையும் இணையவழியே எடுக்கும் காப்பீடு என்றுதான் கொள்வார். மின்வெளி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்கசிவு, மின்தடை வரிசையில் அதையும் மின்சாரக் கோளாற்றோடு சேர்த்துப் படிக்க இடமிருக்கிறது. வீட்டுக் காப்பீடு என்றதும் மின்கசிவால் எழும் தீயும் நினைவுக்கு வரும் என்பதால் இந்தக் குழப்பம் சிறியதன்று.

காப்பீட்டுப் பெயர்கள் தமிழில் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்தால் வழி தெரிகிறது. பயிர்க் காப்பீடு, வாகனக் காப்பீடு, ஆயுள் காப்பீடு ஆகியவற்றில் முன்னிற்கும் சொல் எதற்குக் காப்பு என்பதைச் சொல்கிறது. தீக் காப்பீடு, விபத்துக் காப்பீடு ஆகியவற்றில் எதிலிருந்து காப்பு என்பதைச் சொல்கிறது. சைபர், இணையம், மின்வெளி மூன்றும் இவ்விரண்டில் ஒன்றும் இல்லை. ஆபத்து வந்து சேரும் பாதையைச் சொல்லிவிட்டு ஆபத்தைச் சொல்லாமல் நின்றுவிடுகின்றன. ஆபத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் குழப்பம் தீரும் என்பதே என் கருத்து.

எந்த ஆபத்து என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். இணையத்தில் இணைந்த பூட்டொன்றின் கடவுச்சொல்லைக் களவாடிய ஒருவர், கதவைத் திறந்து உள்ளே போய்ப் பொருள்களை எடுத்துக்கொண்டு, கதவை மீண்டும் பூட்டிவிட்டும் போய்விடலாம். தாழ்ப்பாள் உடையவில்லை, கதவுச் சட்டத்தில் கீறல்கூட இல்லை. வழக்கமான வீட்டுக் காப்பீடுகளில் பல, திருட்டுக்கு இழப்பீடு தர, வலிந்து நுழைந்ததற்கான அடையாளத்தைக் கேட்பவை. இன்னொரு வீட்டில் கணினியில் இருந்த குடும்பப் படங்களைப் பணயத் தீநிரல் ஒன்று, அதாவது கோப்புகளை முடக்கிவைத்துப் பணம் கேட்கும் தீய நிரல், பூட்டிவிடுகிறது. வட்டு சேதமின்றி இருக்கிறது, படங்கள்தாம் இல்லை. நேரடியான பௌதிகச் சேதத்துக்கே ஈடு தரும் பழைய ஆவணத்தில் இதற்கும் இடம் கிடைப்பது அரிது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் புதிய காப்பீடு வந்தது. தரவை மீட்கும் செலவு, கருவியைச் சீரமைக்கும் செலவு, மிரட்டிப் பணம் கேட்டால் எழும் செலவு, இணைய மோசடியில் இழந்த பணம், அடையாளத் திருட்டைச் சரிசெய்யும் செலவு என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் பட்டியல் அதில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு பக்கமும் உண்டு. 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் பெயர் வழங்கிகள் (இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைக் கண்டு சொல்லும் கணினிகள்) தாக்கப்பட்டு, பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. தாக்கியவை பெரும்பாலும் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்கள், காணொளிப் பதிவுக் கருவிகள், திசைவிகள் (ரௌட்டர்கள்). மிராய் என்ற தீநிரல், ஆலையிலேயே இடப்பட்ட அறுபது சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று அவற்றுக்குள் புகுந்திருந்தது. தம் கேமரா பிறரைத் தாக்கிக்கொண்டிருந்தது என்பதே அதன் உரிமையாளருக்குத் தெரிந்திருக்காது. ஆகவே நாம் தேடும் சொல், வீட்டாருக்கு நேரும் கேட்டையும், அவர் கருவி வழியாகப் பிறருக்கு நேர்ந்து அவர் மேல் பொறுப்பாக வந்து விழக்கூடிய கேட்டையும் ஒருசேரத் தாங்க வேண்டும்.

இந்த இடத்தில் 'இடர்' என்பதைத்தான் முதலில் எண்ணினேன். ஆனால் இணையத்தோடு அது புணரும்போது 'இணையவிடர்' ஆகிறது. சேர்த்து எழுதினால் இணைய விடர் என்றும் பிரியும். விடர் என்பது காமுகரைக் குறிக்கும் பழஞ்சொல். பிரித்து எழுதித் தப்பிக்கலாம் என்றாலும், பேரிடர் என்ற சொல் வெள்ளத்துக்கும் புயலுக்கும் உரியதாகிவிட்ட நிலையில், இடர் என்றால் தானாக வந்து சேரும் துன்பம் என்ற நினைவே மேலோங்குகிறது. தீங்கு அப்படியன்று. தீங்கு பெரும்பாலும் ஒருவர் செய்வது, ஒருவர் இழைப்பது. தயாரிப்பாளர் அனுப்பிய புதுப்பிப்பால் கருவி பழுதாவது பொதுவாக இக்காப்பீட்டின் எல்லைக்குள் வராது. எவரோ அனுமதியின்றிப் புகுந்து கெடுப்பதுதான் வரும். அந்த வேறுபாட்டைத் தீங்கு என்ற சொல்லே பாதி சொல்லிவிடுகிறது. மேலும், தீங்குக்கு உள்ளானவர், தீங்குக்குக் காரணமான கருவி என்று இரு பக்கமும் தடையின்றி எழுத முடிகிறது.

ஆகவே 'இணையத்தீங்குக் காப்பீடு' என்பது என் முன்மொழிவு; வீட்டாருக்கு உரியதை 'வீட்டு இணையத்தீங்குக் காப்பீடு' எனலாம். காப்புறுதி என்று வழங்கும் இலங்கை நண்பர்கள் 'இணையத்தீங்குக் காப்புறுதி' என்று எழுதினாலும் சொல் குலையாது. ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: இதை எந்த நிலையிலும் 'இணையத்தீங்குக் காப்பு' என்று சுருக்கிவிடக் கூடாது. காப்பு என்பது தீங்கு வராமல் தடுப்பது. காப்பீடு தீங்கு வந்தபின் ஈடு தருவது. இறுதியில் நிற்கும் அந்த ஈடு உதிர்ந்தால், கடவுச்சொல்லைக்கூட மாற்றாமல், பணம் கட்டிவிட்டோமே, இனி எவரும் உள்ளே வர மாட்டார்கள் என்று ஒருவர் நம்பிவிடக்கூடும். நியாயமான பாதுகாப்பு நடவடிக்கைகளை எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல ஆவணங்களில் இருப்பதால், அந்த நம்பிக்கை அவருடைய இழப்பீட்டையே பறித்துவிடலாம்.

அடுத்தது கருவிகளின் பெயர். 'ஸ்மார்ட்' கருவிகளுக்கு வழங்கும் திறன் கருவி, சூட்டிகைக் கருவி என்பவை விளம்பரத்துக்குப் பொருந்தலாம். காப்பீட்டு ஆவணத்துக்குப் பொருந்தா. துணியின் எடையைத் தானே அறிந்து நீரளவைத் தீர்மானிக்கும் சலவை இயந்திரத்துக்குத் திறன் உண்டு, ஆனால் அது வலையில் இல்லையென்றால் அதன் வழியே எவரும் வர முடியாது. வைஃபையில் இணைந்த சாதாரண மின்செருகிக்கு அறிவு ஏதுமில்லை, அதன் வழியே வரலாம். எனவே இணைப்பைச் சொல்லும் 'இணைகருவி' என்ற வினைத்தொகையை முன்வைக்கிறேன். முன்பு இணைந்த கருவி, இப்போது இணைந்திருக்கும் கருவி, இனி இணையவுள்ள கருவி என மூன்று காலமும் அதில் அடங்கும். கணக்கிலிருந்து நீக்காமலே பிறருக்குக் கொடுத்துவிட்ட பழைய கேமராவும், காப்பீடு எடுத்த பிறகு வாங்கும் புதிய பூட்டும் சிக்கலாகும் துறையில் இந்தப் பரப்பு தேவையானது. எந்தக் காலத்துக் கருவிக்கு ஈடு உண்டு என்பதை விதி தனியே வரையறுக்கட்டும். ககரம் இரட்டிக்காமல் எழுத வேண்டும், இரட்டித்தால் துணைக்கருவி என்ற பொருள் வந்துவிடும். இரட்டிக்காத நிலையிலும் இணைகோடு போல, இணையாக இயங்கும் கருவி என்று எவரேனும் கொள்ளக்கூடும் என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. 'வலையிணைகருவி' என்று நீட்டினால் அது தீரும், ஆனால் ஒரு பக்கத்தில் இருபது முறை வரும் சொல்லுக்கு அந்த நீளம் சுமை.

விளக்கக் குறிப்பின் வரையறைப் பகுதியை இன்னும் இறுதி செய்யவில்லை. இணைகருவியா வலையிணைகருவியா என்பதில் இலக்கணம் அறிந்தோரும் காப்பீட்டுத் துறையில் இருப்போரும் கருத்துச் சொன்னால், அதன்படி திருத்தி, முழு வரையறையையும் அடுத்த மடலில் இங்கே இடுகிறேன்.

அன்புடன்