ஆட்டோகேட் டூல் பேலட்டை எந்த வரிசையில் அடுக்குவது?

கேள்வி (வரைவாளர், தஞ்சாவூர்)

வணக்கம். வீட்டுப் பிளான் போடும் சின்ன ஆபீஸில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் கன்ட்ரோல் 3 அடித்தால் வரும் என் டூல் பேலட்டில், அதாவது அடிக்கடி வேண்டிய படங்களை ஐகானாக வைக்கும் பலகையில், 14 டேப் வருகிறது. கதவு, சன்னல், கட்டில், கார், மரம் என்று கிடைத்ததையெல்லாம் டிசைன்சென்டரிலிருந்து (மற்ற டிராயிங்குகளில் உள்ளதை எடுக்கும் பலகை) இழுத்துப் போட்டு வைத்தேன். இப்போது ஒரு வாஷ்பேசினைத் தேட ஏழு டேப் புரட்ட வேண்டியிருக்கிறது. கீழே உள்ள டேப்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு பேர்கூடத் தெரியவில்லை.

போன வாரம் பிளாக்குகள் (ஒரே உருவாகச் சேமித்த கதவு, கட்டில் போன்ற படங்கள்) இருக்கும் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து பாதி ஐகான்கள் வேலை செய்யவில்லை. இன்னொன்று, 900 மி.மீ. கதவைப் போட்டால் வீட்டையே மூடுகிற அளவுக்குப் பெரிதாக வந்து விழுகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

பதில் (சீனியர் டிராஃப்ட்ஸ்வுமன், கோயம்புத்தூர்)

தம்பி, முதலில் அந்த ஃபோல்டரைப் பழைய டிரைவில், பழைய பேரிலேயே திரும்ப வைத்துவிடுங்கள். ஐகான்கள் உயிர் பெற்றுவிடும். பேலட்டில் பிளாக் இருப்பதில்லை, அது எந்த டிராயிங் ஃபைலில் இருக்கிறது என்கிற விலாசம் மட்டும்தான் இருக்கிறது. வீடு மாறினால் தபால் போய்ச் சேராது. ஒவ்வொரு டூலையும் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் சோர்ஸ் ஃபைலை மாற்றலாம், ஆனால் 200 ஐகானுக்கு அதைச் செய்து முடிக்க ஒரு நாள் போதாது.

இப்போது அடுக்குவதைப் பற்றி. எல்லோரும் செய்வதுபோல நீங்களும் சாமான் வகைப்படி பிரித்திருக்கிறீர்கள். பிளான் போடும்போது கை அந்த வரிசையில் போகாது. சென்டர் லைன், தூண், சுவர், அப்புறம் கதவு சன்னல், அப்புறம் பாத்ரூம், சமையலறை, கடைசியாகக் கட்டில் சோபா, அளவு, எழுத்து. பேலட்டும் இதே வரிசையில் இருக்கட்டும். 2004 பதிப்பில் டூல் பேலட் வந்த காலத்திலிருந்து இதைப் பயன்படுத்துகிறேன். வேலை வரிசைக்கு மாற்றிய பிறகுதான் ஐகானைத் தேடுகிற பழக்கமே போனது.

கமாண்ட் லைனில் கஸ்டமைஸ் என்று அடியுங்கள். இடப்பக்கம் பேலட்கள், வலப்பக்கம் குரூப்கள். வலப்பக்கம் ரைட் கிளிக் செய்து மூன்று குரூப் உண்டாக்குங்கள்: 'கட்டடம்', 'சாமான்', 'அளவு'. இடப்பக்கத்திலிருந்து பேலட்களை இழுத்து அதனதன் குரூப்பில் விடுங்கள். பேலட்டின் தலைப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்தால் எந்தக் குரூப் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். 14 டேப் ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்காது, நான்கைந்துதான் நிற்கும்.

ஒரு பேலட்டுக்குள்ளும் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். என் கதவுப் பேலட்டில் மேலே நிலைவாசல் 1050, அடுத்து 900, கடைசியில் பாத்ரூமுக்கு 750. காலியிடத்தில் ரைட் கிளிக் செய்தால் கோடும் தலைப்பும் சேர்க்க வழி இருக்கிறது. கோட்டுக்குக் கீழே சன்னல், அதற்குக் கீழே வென்டிலேட்டர்.

அடுக்குவதைவிட முக்கியமான ஒன்று: ஒவ்வொரு டூலின் ப்ராப்பர்டீஸிலும் லேயரை (சுவர், கதவு என்று வகைவாரியாகப் பிரித்து வரையும் அடுக்கு) நீங்களே கொடுத்துவிடுங்கள். கதவு டூலில் கதவு லேயர் என்று எழுதிவிட்டால், எந்த லேயரில் நின்றுகொண்டு போட்டாலும் கதவு தன் லேயருக்கே போகும். டிராயிங்கில் அந்த லேயர் இல்லாவிட்டால் தானே உண்டாக்கிக்கொள்ளும். ராத்திரி பத்து மணிக்குப் பிரிண்ட் எடுக்கும்போது கட்டில் எல்லாம் சுவர் லேயரில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஹேட்சுக்கும் (ஒரு பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) அப்படியே. ஒரே ஹேட்ச் டூலைக் காப்பி செய்து ஒட்டி, ஸ்கேலை மட்டும் மாற்றி, 'செங்கல் பிளான்', 'செங்கல் டீடெயில்' என்று பேர் வைத்திருக்கிறேன்.

பதில் (இன்டீரியர் டிசைனர், சென்னை)

கதவு பெரிதாவது யூனிட் பிரச்சினை. கதவை மி.மீ. கணக்கில் வரைந்திருக்கிறார்கள், ஆனால் அந்த பிளாக்கின் யூனிட் இஞ்ச் என்று பதிவாகியிருக்கும். உங்கள் டிராயிங் மி.மீ. என்பதால் ஆட்டோகேட் 25.4-ஆல் பெருக்குகிறது. 900 போய் 22,860 ஆகிவிடும். சோர்ஸ் ஃபைலைத் திறந்து பிளாக் எடிட்டரில் எதையும் தேர்ந்தெடுக்காமல் ப்ராப்பர்டீஸைப் பாருங்கள், பிளாக்கின் யூனிட் அங்கே இருக்கும். மில்லிமீட்டர் ஆக்குங்கள். ஃபைலின் யூனிட்டைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸையும் 4, அதாவது மி.மீ., என்று வைத்து சேவ் செய்யுங்கள். பழைய கதவு ஏற்கெனவே உங்கள் டிராயிங்கில் இருந்தால் அதை அழித்து, பர்ஜ் (பயன்படாமல் ஃபைலுக்குள் தங்கியதை நீக்கும் கமாண்ட்) செய்த பிறகு போடுங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கிற பழையதையே எடுத்துக்கொள்ளும்.

பதில் (சீனியர் டிராஃப்ட்ஸ்வுமன், கோயம்புத்தூர்)

யூனிட் விஷயத்தை நான் விட்டுவிட்டேன், நன்றி. தம்பி, இன்னொன்று. அடுக்கி முடித்த அன்றைக்கே கஸ்டமைஸ் பெட்டியில் ஒவ்வொரு பேலட்டையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், குரூப்களைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பேலட் எக்ஸ்டிபி ஃபைலாகவும், குரூப் எக்ஸ்பிஜி ஃபைலாகவும் வரும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தபோது மூன்று வருடம் சேர்த்த பேலட் ஒரு மத்தியானத்தில் போனது. பேலட் ஃபைல்கள் சி டிரைவில் யூசர் ஃபோல்டருக்குள் கிடக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பிளாக்குகள் டி டிரைவில் பத்திரமாக இருந்தன, ஐகான் ஒன்றுகூட இல்லை. லேயர், ஸ்கேல் எல்லாவற்றையும் முதலிலிருந்து கொடுத்தேன்.

கேள்வி கேட்டவர்

அக்கா, ஃபோல்டரைத் திரும்ப வைத்ததும் எல்லா ஐகானும் வேலை செய்கின்றன. 'கட்டடம்' குரூப்பை முடித்துவிட்டேன், ஐந்து டேப்தான். கதவு யூனிட்டும் சரியாகிவிட்டது, 900 இப்போது 900-ஆகவே வருகிறது. சாயங்காலம் ஒரு மாடி வீட்டுப் பிளானுக்குக் கதவு சன்னல் போட்டேன், லேயரை ஒரு தடவைகூட மாற்றவில்லை. எக்ஸ்போர்ட் செய்த ஃபைல்களைப் பென் டிரைவில் ஒன்றும், ஆபீஸ் சர்வரில் ஒன்றுமாக வைத்திருக்கிறேன். நாளைக்கு 'சாமான்'.